கொடிக்குப் பின்னால் ஒரு வண்டி

ஒரு பெண்ணுக்கு வேலை போனது. அவள் பெயரில் காவல்துறை வழக்கும் பதிவானது. இரண்டுக்கும் காரணமான மனிதரைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொல்ல நெல்லைச் சீமையில் இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை என்பதுதான் சங்கடம். ஆயுள் முழுக்க அடுத்தவர் குறைகளைக் குறிப்பெழுதியே சம்பளம் வாங்கியவன் நான்.

நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று, தச்சநல்லூர் வீட்டில் செய்தித்தாளை வரி விளம்பரம் வரைக்கும் வாசித்து முடித்த பின்னும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெகுநேரம் இருப்பதைக் கண்டு திகைத்திருந்த நாட்கள் அவை. அப்போதுதான் அந்த நிறுவனம் கூப்பிட்டது. நெல்லையிலிருந்து மேற்கே கிளம்பி, ஆற்றுக்கால் பாயும் வயல்களைத் தாண்டி, மலையேறி, எல்லை கடந்து கேரளத்துக்குள் இறங்குகிற சுங்கச்சாலையை நடத்தும் நிறுவனம். எனக்குப் பராமரிப்பு ஆலோசகர் என்று பெயர். நான் ஆலோசனை சொல்லலாம். அதை யாராவது கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

முதலில் சொன்ன அந்த மனிதர் அங்கே ரோந்து வண்டி மேற்பார்வையாளர். சாலையில் பழுதாகி நிற்கும் வண்டி, குறுக்கே வரும் மாடு, சரிந்து விழும் மண், எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பதை நெருங்கும் வயது. மழைக்கோட்டுக்குள்ளும் கசங்காத சட்டை. எல்லாருக்கும் அவர் ‘பேட்ரோல் அண்ணாச்சி’.

முதல் தடவை நான் அவரைப் பார்த்த அன்று சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஃபாஸ்டேக் வந்தால் வரிசையே இருக்காது என்று சொன்னவர்கள் எல்லாரும் ஏசி அறைகளில் இருந்தார்கள். வரிசை இங்கே வெயிலில் இருந்தது. ஸ்கேனர் ஒன்று படுத்துவிட்டது. மற்ற ஊழியர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் அசையாமல் இருக்க, இவர் மட்டும் வரிசையின் வால்வரைக்கும் நடந்துபோய், ஒவ்வொரு ஜன்னலிலும் குனிந்து விசாரித்துக்கொண்டு வந்தார்.

“ரொம்ப நேரமாச்சோ அண்ணாச்சி?”

“நேரமாச்சோவா? இங்கன குடியே வச்சாச்சுவே. இனி ரேஷன் கார்டு ஒண்ணுதான் பாக்கி” என்றார் ஒரு கார்க்காரர்.

இவர் சிரிக்கவில்லை. இவர் முகம் வாடிவிட்டது. நேராகப் போய்த் தடுப்புக் கட்டையைக் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “போங்க, போங்க” என்று அனுப்ப ஆரம்பித்தார். மேலாளர் பதறி ஓடி வந்தார்.

“யாரு தூக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். நிக்காவல்லா?”

அதுதான் அவருடைய முழு வாதமும். நிற்கிறார்கள் அல்லவா. அதற்கு மேல் அவருக்குச் சட்டம் கிடையாது. தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருக்கிறது; வரிசை அதைத் தாண்டினால் மட்டுமே கட்டையைத் தூக்க வேண்டும் என்பது நடைமுறை. அவர் அந்தக் கோட்டைத் தரையில் பார்த்ததில்லை. மனிதர்களின் முகத்தில் பார்த்தார். யார் முகத்தில் தெரிந்தாலும் கட்டை மேலே போய்விடும்.

தன் விஷயத்தில் இதற்கு நேர்மாறு. முடிதிருத்தும் கடையில் அவர் உட்கார்ந்திருந்தால் பின்னால் வருகிற எல்லாரும் முதலில் வெட்டிக்கொண்டு போவார்கள். “நீங்க பாத்துட்டுப் போங்க, எனக்கு என்ன அவசரம்” என்பார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வையும் இப்படித்தான் யாரோ முந்திக்கொண்டு போனார்கள். போனவருக்கு மாலை வாங்கி வந்தவரும் இவர்தான்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் குடியிருப்பை ஒட்டி அவர் வீடு. ஒருமுறை ஆய்வுக்குப் போய்த் திரும்புகையில் காப்பி குடிக்கக் கூட்டிப்போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எதிர்வீட்டுக்காரர் ஒருவர் வந்து கேஸ் சிலிண்டரை மாட்டித் தரவேண்டும் என்றார். “சார், இன்னா வந்துட்டேன்” என்று போனவர் போனவர்தான். அவர் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தூணில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

“சார் ஒண்ணும் நெனச்சுக்காதிய. அவிய அப்படித்தான். கண்ணு முன்னால வந்து நின்னு கேட்டாப் போதும், உசுரையே குடுப்பாவ. நான் அடுப்படியில நிக்கேன்லா, கண்ணுக்குத் தெரியமாட்டேன். எனக்கு வயித்துவலி வந்தா நானும் தெருவுக்குப் போயி அவிய முன்னால நின்னுதான் சொல்லணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வேலைக்காலம் முழுவதும் நான் படித்த எந்தப் பணி மதிப்பீட்டு அறிக்கையிலும் ஒரு மனிதனை இத்தனை துல்லியமாக யாரும் எழுதியதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னொரு நாள். ஒரு காரும் லோடு ஆட்டோவும் மோதிக்கொண்டன. ஆட்டோக்காரருக்குக் கையில் எலும்பு முறிவு. காவல் ஆய்வாளர் அளவு நாடாவோடு வந்து இறங்கியபோது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில். வண்டிகள் ஓரத்தில். கண்ணாடித் தூளைப் பெருக்கி, எண்ணெய் சிந்திய இடத்தில் மணல் போட்டு, தார் மேல் இருந்த சக்கரத் தடத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவியாகிவிட்டது. போக்குவரத்து சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

“எங்கவே விபத்து?” என்றார் ஆய்வாளர்.

“முடிஞ்சிட்டு சார்.”

“முடிஞ்சிட்டா? அது என்ன சினிமாவாவே, முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போக?”

“வண்டியெல்லாம் வரிசையா நிக்கி சார். பிள்ளைகள வச்சுக்கிட்டு வெயில்ல நிக்காவல்லா?”

ஆய்வாளர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வயல்களைப் பார்த்தேன். தப்பு காரின் மேல்தான். ஆனால் ஆட்டோக்காரர் அதை நிரூபிக்கச் சாலையில் ஒரு கீறல்கூட மிச்சமில்லை. இதை நான் இவரிடம் சொன்னபோது உண்மையாகவே துடித்துப்போனார். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆட்டோக்காரரின் கட்டிலருகே உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி மனுசன் உண்டுமா அண்ணாச்சி” என்று அழுதாராம்.

இதையெல்லாம் அந்த வருடத்து மழைக்கு முன்னால் நான் வேடிக்கையாகத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மலை இறங்கியது. எல்லையைத் தாண்டியதும் வருகிற இரட்டை வளைவில் சாலையின் பாதி பள்ளத்தோடு போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரியாது. செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. வயர்லெஸ் பேச்சை மலை விழுங்கிவிடும். தற்காலிகச் சிக்னல் விளக்குகள் வேண்டும் என்று எழுதினேன். கொள்முதல் பிரிவு மூன்று விலைப்புள்ளிகள் கேட்டது. மலை அதற்காகக் காத்திருக்கவில்லை.

அதனால் பழைய முறையைக் கொண்டுவந்தோம். ஒரே ஒரு சிவப்புக் கொடி. இந்த முனையிலிருந்து ஒரு கூட்டம் வண்டிகளை விட வேண்டும். கடைசி வண்டி ஓட்டுநரின் கையில் கொடியைக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த முனையில் இருப்பவர் கொடி வந்து சேர்ந்ததும், இனி வளைவுக்குள் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு தன் பக்கத்து வண்டிகளை விட வேண்டும். அவருடைய கடைசி வண்டியில் கொடி திரும்பி வரும். கொடி கையில் இல்லாதவன் வழி விடக்கூடாது. கொடிக்குப் பின்னால் எதுவும் போகக்கூடாது. இவ்வளவுதான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

நம் முனையில் அவரை நிறுத்தினார்கள். ஜனங்களிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்றார் மேலாளர். அந்த முனை கேரளத்துக்குள் இறங்கும் பக்கம் என்பதால் அங்கே கேரளத்து ஒப்பந்த ஏஜென்சியின் ஆள். வயதான மனிதர், எல்லாருக்கும் ‘சேட்டன்’.

நம் பக்கத்துக் கூட்டத்தில் பாதிப்பேர் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள். வளைகுடாவுக்குப் போகும் மகன், அவனை வழியனுப்ப வேன் நிறைய உறவு. ஒரு விமானத்தைத் தவறவிட்டால் விசாவே போய்விடும் என்ற பயத்தோடு வருகிறவர்கள். அவர்களை மழையில் நிறுத்திவைக்க இவரால் எப்படி முடியும்? கொடியைக் கொடுத்தனுப்பிய பிறகு ஒரு கார் வந்து நிற்கும். உள்ளே இருப்பவர் கையைக் கூப்புவார். இவர் அந்த முகத்தைப் பார்ப்பார்.

“கொடி இப்பதான் போவுது. பொறத்தாலேயே ஓடிருங்க. பைய போங்க.”

ஓடச் சொல்வார், பைய போகவும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில்.

இதை நான் கண்டுபிடித்தது சேட்டனிடமிருந்துதான். கொடி வந்து சேர்ந்த பிறகும் அவர் உடனே வழி விடுவதில்லை. கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்து நிதானமாக இழுத்து முடிப்பார். அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். ஏன் என்று கேட்டேன்.

“சாரே, கொடி வரும். கொடியுடே பின்னில் ஒரு கார் வரும். அதின்டெ பின்னில் சிலநேரம் ஒரு ஆட்டோவும் வரும். உங்கட ஆள் பாவம், நல்ல மனுஷன். ஞான் ஒரு பீடி வலிக்கும். பீடி தீர்ந்நால் வழி காலி.”

அந்த வளைவில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது எந்த நடைமுறைக் கையேட்டிலும் இல்லாத ஒரு பீடி என்று எனக்கு அன்று விளங்கியது. பேட்ரோல் அண்ணாச்சியை நம் முனையிலிருந்து மாற்றச் சொல்லி எழுதினேன். அவரால் நம் பக்கத்தில் புகாரே இல்லை, பாராட்டுத்தான் வருகிறது என்று பதில் வந்தது. புகார் எல்லாம் அந்தப் பக்கத்தில் நின்றது. அதை எண்ணுவது ஏஜென்சியின் வேலை.

நேரில் போய் அவரிடமே கேட்டேன்.

“கொடிக்குப் பொறத்தால வண்டி விடுதீராமே?”

“எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு சார்.”

“எதுக்க ஒரு லாரி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சீரா?”

“ஐயோ, ஆமா சார்.”

“இனிமே விடுவீரா?”

“விடமாட்டேன் சார். சத்தியமா விடமாட்டேன்.”

கண்ணில் நீர்கூட வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் முன்னால் நின்றது என் முகம். எனக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தார். நான் ஜீப்பில் ஏறியதும் அந்த இடத்துக்கு வேறு முகம் வந்திருக்கும்.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்காகச் சேட்டன் விடுப்பில் போனார். அவர் இடத்துக்குப் புனலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பதைத் தாண்டாத வயது. அரசுத் தேர்வாணையத்தின் தரவரிசையில் பெயர் வந்து நியமனத்துக்காகக் காத்திருந்தவள். அதுவரைக்கும் இந்த ஒப்பந்த வேலை. பயிற்சியில் சொன்னதை வரி மாறாமல் செய்தாள். பீடியைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எழுதாத ஒன்றை எப்படிப் பொறுப்பு ஒப்படைப்பது?

அது நடந்தது ஒரு காலையில். தூறலும் பனியும். நம் பக்கத்துக் கடைசி வண்டியாக ஒரு வைக்கோல் லாரி கொடியை வாங்கிக்கொண்டு போனது. அது முதல் வளைவில் மறைந்த பிறகு மேலப்பாளையத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. சவூதிக்குப் போகிற மகன், அவன் மனைவி, தாய். நடந்ததை அந்தத் தாய் பிறகு எனக்குச் சொன்னார். இவர் முதலில் முடியாது என்றுதான் சொன்னாராம். அந்த அம்மா இறங்கி வந்து, “வாப்பா, பிள்ளைக்கு நேரம் தப்பிரும் வாப்பா, உனக்கு துஆ செய்யுதேன்” என்று சொன்னதும் தடுப்பை நகர்த்திவிட்டாராம்.

“பொறத்தாலேயே ஓடிருங்கம்மா. பைய போங்க.”

அந்த முனையில் வைக்கோல் லாரி கொடியைக் கொடுத்தது. அவள் வழியைத் திறந்தாள். முதலில் வந்தது மரம் ஏற்றிய லாரி. இரண்டாம் வளைவில் இரண்டும் எதிரெதிரே வந்தன. வேன் ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வேன் பள்ளத்தில் உருண்டு மரங்களில் சிக்கி நின்றது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவரும், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் இறங்கியவரும் இவர்தான். தாயையும் மருமகளையும் ஓட்டுநரையும் ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி மேலே சேர்த்தார். இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்ட மகனின் கால் வெளியே வரும்வரைக்கும் அந்தச் சேற்றில் அவன் தலையைத் தன் மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தார். யாரும் சாகவில்லை. மகனின் வலது காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அந்தத் தாய் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார். “அல்லா காப்பாத்துனான். அண்ணாச்சி இல்லேன்னா எங்க மையத்துதான் வீட்டுக்கு வந்திருக்கும். எதுக்க லாரிய விட்டாளே ஒருத்தி, அவ நல்லா இருப்பாளா?”

இவர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. அழுகிற தாயை அந்த நேரத்தில் மறுத்துப் பேச அவரால் ஆகாது.

சென்னையிலிருந்து நிறுவனத்தின் சட்ட அலுவலர் வந்தார். விபத்து எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததால் தவறும் அந்தப் பக்கத்ததாக இருந்தால் நிறுவனத்துக்கு வசதி. கொடியை வேனில்தான் கொடுத்தனுப்பினேன், கொடி வந்து சேருமுன்பே அந்த முனையில் வழி விட்டுவிட்டார்கள் என்று ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. இவர் அதில் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்தபோது சட்ட அலுவலர் தூத்துக்குடியில் விமானம் ஏறியிருந்தார்.

“என்னத்துலவே கையெழுத்துப் போட்டீரு? வாசிச்சீரா?”

“வாசிக்க ஆரம்பிச்சேன் சார்.”

“பொறவு?”

“அவரு ஃபிளைட்டுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு நின்னுட்டாரு சார்.”

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அடிக்கத் தோன்றிய கையை வைக்க வேறு இடம் தெரியவில்லை.

உண்மையில் கொடியைக் கொண்டுபோன வைக்கோல் லாரியின் எண்ணை நம் சாவடிப் பதிவிலிருந்து எடுத்து நிறுவனத்திடம் கொடுத்தேன். கேரள வண்டி, ஏஜென்சிதான் தேடவேண்டும் என்றார்கள். ஏஜென்சியிடம் கேட்டேன். விவரம் உங்கள் சாவடியுடையது, நிறுவனம்தான் முறைப்படி கேட்கவேண்டும் என்றார்கள். இரண்டு பதிலும் நடைமுறைப்படி சரி. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நான் மலையைத் தாண்டிப்போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஏஜென்சி அலுவலக வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“கொடி வந்நு. ஞான் வழி துறந்நு. அதல்லே சாரே நியமம்?”

“அதுதான் நியமம்.”

“பின்னே எந்தா தெற்று?”

என்ன தப்பு என்று அவள் கேட்டதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவளுடைய மேலதிகாரி நியாயமான ஆள். மறுநாள் மாலை அறிக்கை காவல் நிலையத்துக்குப் போகவேண்டும். அதற்குள் கொடி கொடுத்த ஆள் நேரில் வந்து உண்மையைச் சொல்லிக் கையெழுத்திட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவேன், இல்லையென்றால் எனக்கு வேறு வழி இல்லை என்றார். வழக்கு வந்தால் வேலை மட்டுமல்ல, அரசு நியமனமும் போய்விடும். அவள் அதைத் தனியாகச் சொல்லவில்லை. முகத்தில் இருந்தது.

அந்த முகத்தை அவர் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அவர் மனைவி காப்பி கொடுத்தபடி சொன்னது எனக்கு மறக்கவில்லை. அந்தப் பெண்ணை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. எல்லை குறுக்கே இருந்தது. அவரை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம்.

மறுநாள் மத்தியானம் அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“வாரேன் சார். அந்தப் பிள்ளை என்ன தப்பு செஞ்சுது? நான் வந்து சொல்லுதேன்” என்று உடனே ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஏறுவார் என்று எனக்குத் தெரியும்.

சாவடியில் யாரோ கை காட்டினார்கள். நான் வண்டியை நிறுத்தவில்லை. வயல்வெளியில் டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு கார்க்காரரைப் பார்த்து அவர் தலை திரும்பியது. “நேரா பாரும்வே” என்றேன். குழந்தையைப்போல நேராகப் பார்த்தார். எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டினோம். இன்னும் அந்த இரட்டை வளைவுதான் பாக்கி.

வளைவுக்கு முன்னால் ஒரு பேருந்து பழுதாகிச் சாய்ந்து நின்றது. மழை வலுத்திருந்தது. பயணிகள் இறங்கிப் பாறையோரம் ஒண்டி நின்றார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி சேலையைப் பிள்ளையின் தலைமேல் பிடித்திருந்தாள். ஒருவர் ஜீப்பின் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்தார்.

“அண்ணாச்சி! நல்லவேளை நீங்க வந்திய!”

நான் பிரேக் போட்டுத்தான் ஆகவேண்டும். வண்டி நிற்குமுன்பே அவர் இறங்கிவிட்டார்.

“வேண்டாம்வே. ஏறும். அங்க ஒரு பொண்ணு உமக்காகக் காத்துக்கிட்டு நிக்கா.”

“பிள்ளைகாரி மழையில நனையுதா சார். ஒரு தார்ப்பாய் கட்டிக் குடுத்துட்டு, பேட்ரோல் வண்டிக்குச் சொல்லிட்டு வந்துருதேன். நீங்க முன்னால போங்க சார். நான் பொறத்தாலேயே ஓடியாந்துருதேன்.”

அவர் தப்பிக்கப் பார்த்தார் என்று நினைத்தால் எனக்குச் சுலபம். அப்படி இல்லை. அதற்குள் அவர் பேருந்தின் மேல் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஹாரனை அடித்தேன். அவர் திரும்பி, வருகிறேன் என்று கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுத்தேன். பிறகு, அதிகாரியைப் பிடித்து வைத்திருக்கவாவது ஆள் வேண்டுமே என்று நான் மட்டும் போனேன்.

வராந்தாவில் அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஜீப்பின் காலி இருக்கையைப் பார்த்தாள்.

“ஆள் வந்நில்லே?”

“வருவார்” என்றேன்.

அவர் சொன்னதாக நான் சொல்வது செவிவழிச் செய்தி, ஏற்க முடியாது என்றார் அதிகாரி. எனக்குத் தெரியாததா? அலுவலகம் மூடும்வரை காத்திருக்கிறேன், போய்க் கூட்டிவாருங்கள் என்றார். நல்ல மனிதர்.

திரும்பி ஓட்டினேன். பேருந்தருகே இப்போது ஒரு சின்னத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தார்ப்பாய்ப் பந்தல். எங்கிருந்தோ ஒரு பெரிய பிளாஸ்க்கில் டீ. அவர் சொட்டச்சொட்ட நனைந்து, ஒவ்வொருவருக்காகக் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைப்பிள்ளைக்காரியின் பிள்ளை அவருடைய உலர்ந்த துண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

“அவ வேலை போகப்போகுது. வழக்கும் வரப்போகுது. உமக்கு உறைக்கலையா?” என்றேன். சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். டீ குடித்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

அவர் முகம் சுண்டிப்போனது. அந்தத் துக்கம் பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

“எனக்கு மட்டும் மனசு இல்லையா சார்? அந்தப் பிள்ளை ஒரு தடவை என் முன்னால வந்து நின்னு கேட்டிருந்தா, நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

“அவ வர முடியாதுவே. நீருதான் போகணும். இன்னும் நேரம் இருக்கு. இந்த வளைவு தாண்டினா அவ நிக்கா. ஏறும்.”

வளைவைப் பார்த்தார். மழையும் பாறையும்தான் தெரிந்தன. சரி என்று தலையாட்டிக்கொண்டு ஜீப்பின் கதவில் கையை வைத்தார். பின்னாலிருந்து ஒரு கிழவர், “அண்ணாச்சி, எனக்கு ஒரு வாய் டீ கிடைக்குமா?” என்றார்.

“இன்னா ஒரு நிமிசம் சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் திரும்பினார்.

நான் இன்ஜினை அணைக்கவில்லை.